மச்சாது வீட்டின் ஒன்பதாம் மாதம்

சங்குமுனை என்னும் துறைமுக ஊரில், பாண்டகசாலைத் தெருவின் தென்கோடியில், பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிப் பர்மாத் தேக்கால் மச்சுப் போட்ட மச்சாது வீட்டுக்கு மாநகராட்சி வரிச்சலுகை வழங்கிய ஆண்டில், அவ்வீட்டின் ஒரே மகளான பிளாவியா நிறைகர்ப்பத்தோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். சலுகை நீடித்த பதினான்கு மாதமும் அவளுக்கு ஒன்பதாம் மாதமாகவே இருந்தது.

அந்த வீடு நூற்றுப் பதினொரு வயதுடையது. சங்கு வணிகம் செழித்த நாளில் கட்டியவர் பிளாவியாவின் பூட்டனார். இருநூறு பேர் அமர்ந்து சங்கு தரம் பிரித்த கூடத்தில் இப்போது வௌவால்கள் குடியிருந்தன. வீட்டுக்கு உரியவரான இஞ்ஞாசி மச்சாதுவோ விசைப்படகுகளின் இயந்திரம் பழுதுபார்க்கும் மனிதர். கையில் எப்போதும் டீசல் மணக்கும். எங்கள் ஊர் நகராட்சியாக இருந்த வரையில் ஒருவாறு சமாளித்து வந்தார். ஊரை மாநகராட்சியாக உயர்த்தி, வீட்டின் பரப்பை அளந்து வரி போட்டபோது, வௌவால் குடியிருந்த கூடத்துக்கும் அவரே வரி கட்டவேண்டியதாயிற்று. ஏழு மாத வருமானம் அதற்கே போயிற்று. சரக்குப் பெட்டிகளை அடுக்கிவைக்க இடம் தேடிய ஒரு நிறுவனம், இடித்துக் கொள்கிறோம், விலை சொல்லுங்கள் என்று மூன்று முறை ஆளனுப்பியது. அந்த நேரத்தில்தான், நூறாண்டு கடந்த வீடுகளைப் பழைய உருக்குலையாமல் காப்போருக்கு வரியில் முக்கால் பங்கு தள்ளுபடி என்ற அறிவிப்பு வந்தது. விண்ணப்பிக்க அந்த ஓராண்டு மட்டுமே தவணை.

இஞ்ஞாசி விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் பதிவு அலுவலகத்தின் வாசலில், வாதாமரத்தடியில் மேசை போட்டு, நாற்பத்தோராண்டு பத்திரம் எழுதியவன். வைகுண்டம் என்றால் தெரியாதவர்களும் பத்திர அண்ணாச்சி என்றால் வழி காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பழைய பத்திரங்களைப் படித்துப் படித்தே தமிழ் கற்றவன்.

"மூணு வரிதான் கேக்காவ அண்ணாச்சி," என்றார் இஞ்ஞாசி. "நானே எழுதிருவேன். உங்க கையால எழுதுனா ஒரு எடுப்பா இருக்கும்லா."

படிவத்தைப் பார்த்தேன். வீட்டை மாற்ற மாட்டேன் என்று உறுதி கூற மூன்று புள்ளிக்கோடுகள் விட்டிருந்தார்கள். நாற்பத்தோராண்டு எழுதிய கைக்கு மூன்று கோடு போதுமா? முத்திரைத்தாள் வாங்கி, தனியே ஓர் உறுதி ஆவணம் எழுதி இணைத்தேன். நான்கெல்லை சொல்லி, கல், மரம், கதவு, நிலை, கிணறு எல்லாம் வரிசைப்படுத்தி, இறுதியில், கிரயப் பத்திரங்களில் ஒரு தென்னங்கன்றுகூட விடுபட்டுப் போகாதபடி எழுதிப் பழகிய வழக்கப்படியே எழுதினேன்: "மேற்படி வீட்டினுள் இன்றைய தேதியில் உள்ளதும் இனி உண்டாவதுமான சகலமும், யாதொரு மாறுதலுமின்றி, இன்றுள்ள நிலையிலேயே எக்காலத்தும் இருந்துவரக் கடவது."

தை மாதத்து முற்பகல் ஒன்றில், அவர் வீட்டுக் கூடத்திலேயே உரக்க வாசித்துக் காட்டினேன். இஞ்ஞாசியின் மனைவி தெரசம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்திருந்தாள். மீன் கொடுக்க வந்த கித்தேரியம்மாள் கூடையை இறக்காமல் நின்று கேட்டாள். பிளாவியா கதவில் சாய்ந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி நின்றாள். நான் வாசித்து முடித்ததும், "பூசை வாசகம் கேட்ட மாதிரி இருக்கு" என்றாள் கித்தேரி. எனக்கு அது போதுமானதாக இருந்தது. இஞ்ஞாசி கையெழுத்திட்டார். கித்தேரியும் நானும் சாட்சி போட்டோம்.

அன்று மாலை நான் மறந்துவைத்துவிட்டுப் போன கண்ணாடியை எடுக்கத் திரும்பியபோது, முற்பகலில் ஊற்றிய தேநீரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. தெரசம்மாள் அதைக் குடிக்கவும் மனமின்றி, கொட்டவும் மனமின்றி, பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் இஞ்ஞாசி சவரம் செய்துகொண்டார். அதற்கடுத்த நாள் விடிந்தபோது, கையெழுத்திட்ட அன்று அவர் முகத்திலிருந்த இரண்டு நாள் தாடி, இரண்டு நாள் தாடியாகவே திரும்ப வந்திருந்தது. மாதா சுரூபத்தின் முன் ஏற்றிய மெழுகுவத்தி எரிந்தது, உருகியது, ஆனால் குறையவில்லை. எனக்கோ, அறுவையால் தீராது, ஓராண்டில் எழுத முடியாமல் போகும் என்று மருத்துவர் கைவிட்ட கண்நோய், மேற்கொண்டு ஓர் அணுவளவும் முற்றவில்லை.

எழுத்தின்படி இதில் இரு வகை உண்டு. கையெழுத்தான நேரத்தில் வீட்டினுள் இருந்தவர்கள், பின்னர் எங்கே போனாலும், அன்றிருந்தபடியே இருந்தார்கள். அதன் பிறகு உள்ளே கொண்டுவரப்பட்டவை, உள்ளே இருக்கும் வரையில் மட்டும் அப்படியே இருந்தன. வாசலைத் தாண்டியதும் பழைய வழிக்கே போயின. இதைத் தெருவுக்கு யாரும் விளக்கவில்லை. தெரு தானே கண்டுகொண்டது.

முதலில் கண்டுகொண்டவள் கித்தேரிதான். விற்காத மீனைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டுப் போய், மூன்றாம் நாள் எடுத்தபோது செதில் மின்னியது. அதன்பின் பூக்காரர்கள் மல்லிகைப் பந்துகளைக் கொண்டுவந்தார்கள். கோயில் பணியாளர் திருநாளுக்கு வாங்கிய பீடப்பூக்களை வைத்தார். ஐஸ் விற்பவர் பாளங்களை அடுக்கினார், அவை ஒரு சொட்டும் கசியவில்லை. கல்யாண வீட்டார் கேக்கைக் கொண்டுவந்து, மாப்பிள்ளையின் கப்பல் வரும்வரை இரண்டு மாதம் விட்டுவைத்தார்கள். ஆனால் காய்ச்சலோடு வந்தவர்களுக்கு உள்ளே இருந்தவரை காய்ச்சல் தணியவில்லை. பல்வலியோடு வந்தவருக்கு வலி விடவில்லை. சண்டை போட்டுக்கொண்டே நுழைந்த ஒரு தம்பதி, அந்தி வரை அதே இரண்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இறுதியில் அக்கம்பக்கத்தார் கையைப் பிடித்து வெளியே இழுக்கவேண்டியதாயிற்று. ஆகவே பாண்டகசாலைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. மச்சாது வீட்டு வாசற்படியில் யாரும் ஒரு கணம் நின்று, தம்மிடம் இருப்பது வைத்துக்கொள்ளத் தக்கதுதானா என்று தம்மைத் தாமே ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகே காலெடுத்து வைத்தார்கள்.

பிளாவியாவுக்கு அந்த வாசற்படி உதவவில்லை.

வாரந்தோறும் மருத்துவமனைக்குப் போனாள். "குழந்தை நல்லா இருக்கு, தலை இன்னும் இறங்கல, அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். இப்படி இருபது வாரம் போனபின் செவிலி புதிய தாள் எழுதுவதை விட்டு, பழைய தாளிலேயே ஒரு குறி மட்டும் போட்டாள். இருமுறை அறுவைக்கு நாள் குறித்தார்கள். இருமுறையும் மயக்கமருந்து ஏறவில்லை, கையெழுத்தான நேரத்தில் விழித்திருந்தவள் விழித்தே இருந்தாள். கப்பலில் வேலை பார்த்த அவள் கணவன் ரொமால்டு இரண்டு முறை கரைக்கு வந்து இரண்டு முறை கடலுக்குப் போனான். முதல்முறை, பச்சிளங்குழந்தைக்குச் சட்டை வாங்கிவந்தான். இரண்டாம் முறை, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு வயதுக் குழந்தைக்கு வாங்கிவந்தான்.

தெரு இதையும் தன் அன்றாடத்தில் சேர்த்துக்கொண்டது. யார் வீட்டில் நல்ல மீன்குழம்பு வைத்தாலும் ஒரு கிண்ணம் பிளாவியாவுக்குப் போயிற்று. அவளுக்கு மூன்று முறை வளையல் போட்டார்கள். கைகொள்ளாமல் போகவே, பழையவற்றைக் கழற்றிப் புதியவற்றைப் போட்டார்கள்.

"யானைகூட இருபத்திரண்டு மாசத்துல ஈனிருதுட்டி," என்றாள் கித்தேரி ஒருநாள், மீனை எடுக்கவந்த இடத்தில். "ஒனக்கு இன்னும் தவண இருக்கு."

"யானைக்கு உக்காரவாவது முடியும் சித்தி," என்றாள் பிளாவியா. "எனக்கு இந்தப் பக்கம் சாஞ்சா மூச்சு முட்டுது, அந்தப் பக்கம் சாஞ்சா இடுப்பு விட்டுப்போவுது. தூங்கி ஒரு வருசம் ஆச்சு."

கித்தேரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் மறுநாளும் கூடையைக் கொண்டுவந்து அங்கேயே வைத்தாள்.

தொடக்கத்தில் மகிழ்ந்திருந்த இஞ்ஞாசி, சலுகையின் ஆறாம் மாதத்துக்குப் பிறகு மகளின் முகத்தை நேரே பார்ப்பதை விட்டுவிட்டார். சலுகையை ரத்துசெய்ய வழியுண்டா என்று மாநகராட்சிக்குப் போய்க் கேட்டார். உரிமையாளரே ரத்துக் கேட்பதற்குப் படிவம் இல்லை. வீட்டில் மாறுதல் செய்திருப்பதை ஆய்வில் கண்டால்தான் ரத்து என்றார்கள். வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தார்.

ஓராண்டு நிறைவில் வரிப்பிரிவு ஆய்வாளரான செண்பகவல்லி அம்மாள், அளவுநாடாவும் பழைய நிழற்படங்களுமாக வந்தார். ஒவ்வொரு சுவரையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கும் வேலை முடிந்து வீடு திரும்ப இரண்டு பேருந்து மாறவேண்டும். முகத்தில் அது தெரிந்தது. ஆனாலும் பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

"அந்தக் கெழக்குச் சுவர நான் கடப்பாரையால இடிச்சேன் மேடம்," என்றார் இஞ்ஞாசி.

"இடிச்ச மாதிரி இல்லையே."

"காலைல பாத்தா பழையபடி நிக்கி. ஓட்ட ஒடச்சேன், ஒட்டிக்கிட்டு. பச்சப் பெயின்ட் அடிச்சேன், ஒரு வாளி. காலைல காணோம்."

"அதத்தான் சார் நானும் சொல்றேன்," என்றார் அந்த அம்மாள். "இவ்வளவு நல்லா பராமரிச்ச வீட்ட நான் பார்த்ததே இல்ல. அடுத்த வீட்டுக்காரர் ஒரு சுவிட்சுப் பலகைய மாத்தினார், ரத்து பண்ணிட்டோம். உங்க வீட்டுல ஒரு ஆணி நகரல."

பாரம்பரியக் கட்டடம் என்று பொறித்த பித்தளைத் தகட்டை வாசல் நிலையில் தம் கையாலேயே திருகிவிட்டுப் போனார். போகும்போது பிளாவியாவைப் பார்த்து, "எத்தன மாசம்மா?" என்று கேட்டார். "ஒம்பது," என்றாள் அவள்.

ஒன்றை நான் இங்கே சொல்லியாகவேண்டும். தேநீரில் ஆவி அடங்காமலிருந்ததைப் பார்த்த அந்த மாலையிலேயே எனக்குக் காரணம் தெரியும். எழுதிய ஒன்றில் தவறு நேர்ந்துவிட்டால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதலாம் என்பது எங்கள் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் என் கையெழுத்தில் ஓடிய எந்தப் பத்திரத்துக்கும் அதுவரை ஒரு பிழைதிருத்தல் வந்ததில்லை. அந்தப் பெருமையைச் சொல்லியே பலர் என் மேசைக்கு வந்தார்கள். அது ஒன்று. விடிந்ததும் என் வீட்டு எதிர்ச்சுவர் நாட்காட்டியின் எழுத்து நேற்றைய அளவுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதும், தெரிவதில் ஆறுதல் கொள்வதும் என் வழக்கமாகிவிட்டிருந்தது. அது இரண்டு. யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது மூன்றாவது. அது காரணமே அல்ல.

பதினான்காம் மாதத்தில், ஒரு பங்குனி முற்பகலில், பிளாவியா தனியாக நடந்து என் மேசைக்கு வந்தாள். அரை மைல் தூரம். எட்டு இடங்களில் நின்று வந்திருப்பாள். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவள் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுவது பெரும்பாடு என்றாள்.

"மாமா, அப்பாவுக்கு நீங்க எழுதுன காகிதத்துக்கு நகல் இருக்குமே. அத எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

"அன்றைக்கே வாசித்தேனே அம்மா."

"அன்னைக்கு அழகா இருந்துச்சுன்னு கேட்டேன். இன்னைக்கு வெளங்கணும்னு கேக்கேன்."

வாசித்தேன். கல், மரம், கதவு எல்லாம் கடந்து, அந்த இடம் வந்ததும் என் குரல் தானே தாழ்ந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"'இனி உண்டாவதும்'னு இருக்கே. இத அவங்க கேட்டாங்களா?"

"இல்லை."

"அப்பா கேட்டாவளா?"

"இல்லை."

"பொறவு எதுக்கு மாமா எழுதுனீங்க?"

நாற்பத்தோராண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் ஷரத்து எண்ணோடு விடை சொன்னவன் நான். "எழுத்து நிறைவாக இருக்கும் என்று," என்றேன். அவள் கோபப்படவில்லை. அவ்வளவு களைத்துப் போயிருந்தாள். வாதாமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "இத மாத்த முடியுமா, முடியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியும்," என்றேன். "முதல் நாளே முடிந்திருக்கும்."

அவள் மேசைமேலிருந்த பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அப்ப எழுதுங்க," என்றாள்.

எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தை முழுவதும் நீக்கி, இது எழுதியவனின் பிழை, எழுதிக் கொடுத்தவரின் பிழையன்று என்றும் சேர்த்து, என் பெயரைக் கீழே போட்டேன். அதை மாநகராட்சிக்கு எடுத்துப்போய்ச் செண்பகவல்லி அம்மாளிடம் காட்டிக் கேட்டதில், உறுதி ஆவணத்தைத் திருத்தினால் பழைய விண்ணப்பம் தானே விலகிவிடும் என்றும், புதிதாக விண்ணப்பிக்கத் தவணை போன ஆண்டே முடிந்துவிட்டது என்றும், முழு வரியும் தள்ளுபடி செய்த பாக்கியும் சேர்த்துக் கட்டவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். "நல்லா யோசிச்சுச் செய்யச் சொல்லுங்க," என்றார். "அந்த மாதிரி வீடு இன்னொண்ணு இல்ல."

இஞ்ஞாசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பங்கையும் ஒளிக்காமல். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு மச்சையே பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டா வீடு போயிரும் அண்ணாச்சி," என்றார்.

மூன்று நாள் தாள் அப்படியே கிடந்தது. வந்து போனவர்கள் அவரவர்க்குத் தோன்றியதைச் சொன்னார்கள். பிள்ளை எப்படியும் ஒருநாள் பிறக்கும், வீடு போனால் வருமா என்றார் ஐஸ்காரர். பூக்காரர்கள் பாவம் பிளாவியா என்றார்கள். ஆனால் பந்துகளை எடுத்துப் போகவில்லை. மூன்றாம் நாள் கித்தேரி வந்து, மூலையிலிருந்த தன் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஐஸ் வாங்கத் தெரியும்," என்று ஐஸ்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அன்று பிற்பகல் பிளாவியா தந்தையின் பக்கத்தில் வந்து நின்று, அவருடைய டீசல் மணக்கும் கையை எடுத்துத் தன் வயிற்றின் இடப்புறம் வைத்தாள். நான் எதிரே இருந்தேன்.

"உதைக்குதா?" என்று கேட்டாள்.

"உதைக்குது மக்கா."

"எண்ணிக்கிடுங்க. ரெண்டு தடவ. பொறவு கொஞ்சம் நிறுத்தி ஒரு தடவ. அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடும்போது இப்படித்தான் உதைச்சுது. இந்தப் பதினாலு மாசமும் அதுக்கு வேற ஒண்ணும் தெரியலப்பா. அதையே திரும்பத் திரும்ப உதைச்சுக்கிட்டுக் கெடக்குது."

இஞ்ஞாசி கையை எடுக்காமல் எண்ணினார். இரண்டு. சற்று நிறுத்தி ஒன்று. இரண்டு. சற்று நிறுத்தி ஒன்று. தெரசம்மாள் மறுபக்கம் திரும்பி நின்றாள். அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் பேனாவைக் கொடுத்தேன்.

கையெழுத்தின் கடைசிச் சுழி முடிவதற்குள் பிளாவியா தூணைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு ஆட்டோ அழைக்க நேரமிருக்கவில்லை. தெரசம்மாளும், கூப்பிட்ட குரலுக்குக் கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த கித்தேரியும் பிரசவம் பார்க்க, உள்ளறையில் அரைமணி நேரத்தில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதற்குத் தோள்வரை முடி இருந்தது, கீழே இரண்டு பல் இருந்தது. பிறந்ததும் அழவில்லை. ஏதோ அலுவலகத்தில் காலையிலிருந்து வரிசையில் நின்று, அப்போதுதான் பெயர் அழைக்கப்பட்டதுபோல, எங்கள் ஒவ்வொருவரையும் சலிப்போடு பார்த்தது. ரொமால்டு இரண்டாம் முறை வாங்கிவந்த சட்டை அதற்குச் சரியாக இருந்தது. அந்த முகத்தை நான் மிக நெருங்கிக் குனிந்தே பார்க்கமுடிந்தது. எழுந்து நிமிர்ந்தபோது எதிர்ச்சுவர் எனக்குத் தெரியவில்லை.

வீடும் தன் பதினான்கு மாதத்தை அன்று ஒரே பிற்பகலில் எடுத்துக்கொண்டது. கூடத்து மல்லிகைகள் பழுத்துக் கறுத்தன. ஐஸ் உருகி வாசல் வழியே ஓடியது. இஞ்ஞாசியின் தாடி மார்பில் இறங்கியது. ஓடுகள் நழுவின, சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, அவர் கடப்பாரையால் இடித்த கிழக்குச் சுவர் இடிந்த இடத்திலேயே இடிந்து விழுந்தது, பச்சைப் பெயின்டும் அங்கங்கே மேலெழுந்தது. தெருவார் தத்தம் பொருளை அள்ளிக்கொண்டு போனார்கள். யாரும் வாசற்படியில் நின்று பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் செண்பகவல்லி அம்மாள் வந்தார். முதலில் பித்தளைத் தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பின்பு அளவுநாடாவை எடுத்துக் கூடத்தை அளந்தார், அறைகளை அளந்தார், விழுந்த சுவர் இருந்த இடத்தை இருந்ததாகவே வைத்து அளந்தார். அந்தச் சரக்குப்பெட்டி நிறுவனத்தின் ஆள் தெருமுனையில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்ததை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். இஞ்ஞாசி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் சுண்ணாம்புத் தூளோடு, அந்த அம்மாளின் பின்னாலேயே அறை அறையாக நடந்தார். குழந்தை அவருடைய புதுத்தாடியைப் பிடித்து இழுத்தது.

கடைசியில் அந்த அம்மாள் படிவத்தைப் புரட்டி, குப்பைக் கட்டணத்துக்கான இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"வீட்டுல எத்தன பேர் சார்? பழைய பதிவுல மூணுன்னு இருக்கு."

"நாலு," என்றார் இஞ்ஞாசி.

"கைக்குழந்தைய சேர்க்க வேண்டாம் சார். சேர்த்தா உங்களுக்குத்தான் கூட வரும்."

"வரட்டும் மேடம். நாலுன்னு எழுதுங்க."

அந்த அம்மாள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, நாலு என்று எழுதினார்.